றஜனி ரீச்சரின் நடை வகுப்பு

பாரிஸின் வடக்கே, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு லிசேயில், அதாவது உயர்தரப் பாடசாலையில், றஜனி கோமாளி நடிப்புக் கற்பிக்கிறார். நாடகத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்தான் அவருடைய மாணவர்கள். அடிபடாமல் விழுவது எப்படி, தள்ளவேண்டிய கதவை விடாமல் இழுத்துக்கொண்டு நிற்பது எப்படி, ஒரு சொல்லும் பேசாமல் பசியைக் காட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார். கலியாண வீடுகளில் யாராவது வேலையைப் பற்றி விசாரித்தால் அவருடைய தாய் "ரீச்சர்" என்று மட்டும் சொல்லுவார். என்ன பாடம் என்ற கேள்வி வருவதற்குள் கதையை மாற்றிவிடுவார்.

ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் றஜனி. தகப்பன் இராஜதுரை, கார் து லெஸ்ற் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். பள்ளிக்கூடத்தில் றஜனி பிரெஞ்சில் வாய் திறந்தபோதெல்லாம் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருநாள் வேண்டுமென்றே கதிரையிலிருந்து விழுந்தார். அப்போதும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு எப்போது வரவேண்டும் என்பதை அவர்தான் தீர்மானித்திருந்தார். அந்த வித்தியாசத்தை அவர் மறக்கவில்லை. வளர்ந்தபின் பகலில் உணவகத்தில் பரிமாறி, மாலையில் உடல்மொழி நாடகம் படித்தார்.

மேடைக்கென்று அவர் உருவாக்கிய கோமாளி ஒரு வயதான மனிதர். ஈரக் கைகளை உலர்த்துகிறவர்போல இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் கொடுக்காமல் சுவரோரமாகவே நடப்பார். அந்த நடை இராஜதுரையுடையது. அதை வைத்து றஜனி பல வருடங்கள் விழாக்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் நடித்தார். தகப்பனை மட்டும் ஒருபோதும் பார்க்க அழைக்கவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன்னர் அவர் இறந்துபோனார்.

லிசேயில் ஒவ்வொரு வருடமும் றஜனி ஒரு பயிற்சி கொடுப்பார். நன்றாகத் தெரிந்த ஒருவரின் நடையை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டு அந்த நடையில் ஒரு சிறு கதை செய்துகாட்ட வேண்டும். ஒரு வருடம் சிவாஜினி என்ற பெண் எல்லோரையும் அசத்திவிட்டாள். செவ்ரான் என்ற புறநகரிலிருந்து வரும் அமைதியான பிள்ளை அவள். மெற்றோ ரயில் நிலையப் படிகளில் சந்தை வண்டியை இழுத்துக்கொண்டு ஏறும் ஒரு பெண்ணைச் செய்துகாட்டினாள். ஒரு பக்கம் இடுப்புச் சாய்ந்த நடை. ஒவ்வொரு படிக்கும் வண்டி பின்னால் இழுத்தது. உதவ வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பெண் "ஸ வா, ஸ வா", பரவாயில்லை என்று சிரித்துத் தலையாட்டி அனுப்பிவிட்டாள். வகுப்பு கண்ணில் நீர் வரச் சிரித்தது. நாடகப் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரியை மர்கரீத், ஜூன் மாத மேடையில் இதுதான் கடைசி நிகழ்ச்சியாக வரவேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். யாருடைய நடை என்று றஜனி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

ஒரு மாணவன் அதில் அரை நிமிடத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியிருந்தான். அது பல கை மாறி, லாச்சப்பலில் ஒரு சேலைக் கடைக்கும் வந்து சேர்ந்தது. அங்கேதான் சிவாஜினியின் தாய் தாட்சாயினி வேலை செய்தார். கடையில் நின்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பிறகு தாட்சாயினியைப் பார்த்தார்கள், சிரித்தார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தாட்சாயினி வாசலில் நின்றார். றஜனி அவரை வெறுமையாய்க் கிடந்த ஒரு வகுப்பறைக்குக் கூட்டிப்போனார். தாட்சாயினி உட்காரவில்லை.

"ரீச்சர், நீங்களும் தமிழ். அது ஆரின்ரை நடை எண்டு உங்களுக்கு விளங்கியிருக்கும்."

"ஓம் அக்கா. எங்கடை அம்மாமாரிலை ஒராள் எண்டு விளங்கினது."

"விளங்கியும் சிரிச்சனீங்களோ?"

"சிரிச்சனான்."

தாட்சாயினி குரலை உயர்த்தாமல் பேசினார். பல வருடங்கள் விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கியதில்தான் இடுப்புப் பழுதானது என்றார். விசா எடுக்கப் போன இடத்திலும், ஆஸ்பத்திரியிலும், பஸ்ஸிலும் தன்னுடைய பிரெஞ்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு என்றார். பிள்ளைக்கு அந்த நிலை வராது என்ற நினைப்பில்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாராம். இப்போது அந்தப் பிள்ளையே தாயைக் கொண்டுபோய்ச் சனத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டது.

இப்படி வரும் பெற்றோருக்குச் சொல்ல றஜனியிடம் நல்ல விளக்கங்கள் இருந்தன. கோமாளி யாரையும் பழிப்பதில்லை, பார்ப்பவர்கள் தங்களைப் பார்த்தே சிரிக்கிறார்கள் என்பதுபோன்றவை. அன்று அவற்றை ஒதுக்கிவைத்தார். தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். அவருடைய கைகளையும் நடையையும் வைத்தே தான் பெயர் எடுத்ததையும், அவருக்கு அதை ஒருமுறைகூடக் காட்டாததையும் சொன்னார்.

"அவர் பாத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று தாட்சாயினி கேட்டார்.

"தெரியாது அக்கா. இனி அறியவும் ஏலாது."

தாட்சாயினி, தான் பார்த்தது அரை நிமிடத் துண்டுதான் என்றும், முழுவதையும் மகள் தனக்குச் செய்துகாட்ட வேண்டும் என்றும், வேறு ஒருவரும் அங்கே இருக்கக்கூடாது என்றும் சொன்னார்.

சிவாஜினி மறுத்தாள். அழுதாள். நாடகப் பாடத்தையே விட்டுவிடுகிறேன் என்று பிரெஞ்சில் சொன்னாள். றஜனி அவளை வற்புறுத்தவில்லை. அம்மா பார்க்கும்வரை வேறு யாருக்கும் அதைச் செய்துகாட்ட முடியாது என்பதை மட்டும் சொல்லிவைத்தார். இரண்டு வாரங்கள் கழித்து அவளாகவே வந்து, புதன்கிழமை பின்னேரம் அம்மாவை வரச்சொல்லுங்கள் என்றாள்.

புதன் பின்னேரங்களில் அந்தப் பாடசாலையில் வகுப்புகள் இல்லை. மண்டபத்தின் நடுவில் ஒரு கதிரை போட்டிருந்தது. தாட்சாயினி குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் அதில் உட்கார்ந்தார். தான் வெளியே போய்விடவா என்று றஜனி கேட்டார். தாட்சாயினி நிற்கச் சொன்னதால் கதவடியில் நின்றுகொண்டார். சிவாஜினி மூக்கை மாட்டிக்கொண்டு வண்டியை இழுத்து வந்தாள்.

சிரிக்க ஆளில்லாத மண்டபத்தில் அது வேறொன்றாகத் தெரிந்தது. வகுப்பின் சத்தத்தில் றஜனி கவனிக்காமல் விட்டவை பல இருந்தன. பாதிப் படியில் அந்தப் பெண் நின்று கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிறாள். உண்மையில் அவள் எதையும் தேடவில்லை. களைத்து நிற்பது பிறருக்குத் தெரியக்கூடாது. "ஸ வா" என்று சொன்னபின் உதடு மூடச் சற்று நேரம் பிடிக்கிறது. மேலே ஏறி முடித்ததும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்து, வேலைக்குப் போகும் முகம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு நடக்கிறாள்.

சிவாஜினி மூக்கைக் கழற்றினாள். தாய் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ஏறி முடிச்ச உடனை நான் முகம் மாத்திறது உனக்கெப்பிடித் தெரியும்?"

வீட்டில் தாய் தமிழில் கேட்பதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொல்லுகிற பிள்ளை அவள். அன்று தமிழில் சொன்னாள்.

"நான் மேலை நிண்டு பாத்தனான். உங்களோடை சேர்ந்து நடக்க எனக்கு வெக்கமா இருந்தது அம்மா. அதுதான் எப்பவும் முன்னாலை ஏறிப் போறனான்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் தாட்சாயினி.

தாய் கதிரையைப் பிடித்து மெதுவாக எழும்பினார். மகளுக்குக் கிட்டப் போய், நெற்றியில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிவிட்டார்.

"இவ்வளவு நாளும் நீ என்னைப் பாக்கிறேல்லை எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான். எனக்குக் காட்டினது காணும் பிள்ளை. சனத்துக்குக் காட்டவேண்டாம்."

சிவாஜினி தலையசைத்தாள். மர்கரீத்துக்குத்தான் பெரிய மனவருத்தம். அந்த வருடத்தின் மிகச் சிறந்த வேலை அது, தாயுடன் இன்னொருமுறை பேசிப்பார்க்கலாம் என்றார். பேசப் போவதில்லை என்று றஜனி சொல்லிவிட்டார். அதன்பின் இரண்டு பேருக்கும் இடையில் கொஞ்சக் காலம் தேவைக்கு மட்டுமே பேச்சு இருந்தது.

படம் எடுத்த மாணவன் மன்னிப்புக் கேட்டான். ஆனால் போன படத்தைத் திரும்ப எடுக்க முடியவில்லை. சேலைக் கடையில் சில வாரங்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது. ஜூன் மாதம் சிவாஜினி ஒரு கூட்டு நிகழ்ச்சியில் சிறு வேடம் எடுத்தாள். மேசைக்குக் கீழே மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாத கோமாளி. அது சுமாராகத்தான் இருந்தது. தாட்சாயினி மூன்றாவது வரிசையில் இருந்து பார்த்தார். மண்டபம் சிரித்த இடங்களில் அவர் சிரிக்கவில்லை. முடிந்தபின் றஜனியிடம் வந்து, "எல்லாரும் அவளைப் பாத்துச் சிரிச்சவை. அவள் அழேல்லை" என்றார். அதையே இன்னொருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டு வெளியே போனார்.

அந்தக் கோடையில் ஒரு விழாவுக்கு வந்த அழைப்பை றஜனி மறுத்தார். அவர்கள் அந்தப் பழைய கோமாளியைத்தான் கேட்டிருந்தார்கள். சம்மதம் கேட்க இராஜதுரை இல்லை. றஜனி வேறொரு கோமாளியைத் தன்னிடமிருந்தே உருவாக்கினார். உயரமான கதிரைகளை நம்பாத ஒரு பெண் அது. முன்னைய அளவுக்கு யாரும் சிரிப்பதில்லை. அதைப் பற்றிக் கேட்டால், இன்னும் பழகவேண்டும் என்பார்.

நடைப் பயிற்சியை அவர் கைவிடவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் சேர்ந்திருக்கிறது: வகுப்புக்கு முன்னர் நடைக்குச் சொந்தக்காரருக்குக் காட்டவேண்டும். சில வருடங்களில் அரைவாசிப் பிள்ளைகள் பின்வாங்கிவிடுவார்கள். போன வருடம் லா கூர்னெவ் புறநகரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, பஸ் ஓட்டும் தகப்பனை மண்டபத்துக்கு அழைத்து வந்தாள். அவர் சீருடையோடு உட்கார்ந்து இறுதிவரை பார்த்தார். பிறகு எழுந்து நின்று, இன்னொருமுறை செய்துகாட்டச் சொன்னார். அவள் முதலிலிருந்து தொடங்கினாள்.