செங்கல் பொடிக்குப் போகாத கறை

என் மூத்த மகள் பல்லில் பழுப்புக் கறை. "பல்லு வெளக்காத கழுதை" என்று வாத்தியார் அவளைத் தினமும் வெயிலில் நிறுத்துவார். அவர் பேச்சைக் கேட்டு நானும் செங்கல் பொடியால் ஈறு கிழியத் தேய்த்துவிட்டேன். "எங்க வூட்டுல மணலு, கரி போட்டு வடிகட்டித்தாங்க குடிக்கிறோம்" என்று வாத்தியார் வேறு பீற்றிக்கொள்வார்.

இதே ஊரில் பிறந்த அவர் மகளுக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தது. அதே பழுப்பு. தருமபுரி டாக்டரிடம் ஓடினார். நானும் மகளோடு பின்னாலேயே போனேன்.

"உங்க ஊர்க் கிணத்துத் தண்ணியில ஃப்ளோரைடுன்னு ஒரு உப்பு இருக்குது. மணலும் கரியும் அதத் தடுக்காதுங்க" என்றார் டாக்டர். வந்த கறையும் போகாதாம்.

சின்னவளுக்காவது பல் நன்றாக முளைக்கட்டும் என்று, அந்த உப்பு இல்லாத பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து குடிதண்ணீர் சுமக்கிறேன். வாத்தியாரும் சைக்கிளில் குடம் கட்டி வருகிறார். அவர் வெயிலில் நிற்கட்டும் என்று நிதானமாகத்தான் இறைக்கிறேன்.