வாளி வீச்சு

ஏணி என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். உயரத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். பகலில் பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. மாலையில் எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியில், கூடைக்கு அடியிலேயே காவல் நிற்கும் ஆட்டக்காரர். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவர் எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை.

அந்த ஆண்டுதான் எங்கள் அணி முதல்முறையாகத் தேசிய லீக்கில் கால் வைத்தது. மற்ற அணிகளுக்குச் சொந்தப் பேருந்து, சொந்த டாக்டர், பந்து பொறுக்கிப் போடத் தனி ஆள். எங்களிடம் இருந்தது ஒரு தச்சர், இரண்டு வாத்தியார்கள், ஒரு லாரி ஓட்டுநர், சில கல்லூரிப் பிள்ளைகள், அப்புறம் ஏணி. கடைசி இரண்டு இடத்தில் முடிக்கும் அணிகள் மறு ஆண்டு கீழ் லீக்குக்கு இறங்கிவிட வேண்டும். எங்களைப் பார்த்தவர்கள் எல்லாம் இப்போதே மூட்டையைக் கட்டுங்கள் என்றார்கள். அவர்களுக்கென்ன, வாய் வலிக்கவா போகிறது?

ஏணியிடம் ஒரே ஒரு குறை. ஃப்ரீ த்ரோ. எதிரணிக்காரன் முறைகேடாக இடித்துத் தள்ளினால், கோட்டில் நின்று, யாரும் மறிக்காமல், நிதானமாகக் கூடையில் பந்து போட வாய்ப்புத் தருவார்கள். சும்மா கிடைக்கிற புள்ளி. அதைத்தான் ஏணியால் வாங்க முடியாது. தலைக்கு மேல் பந்தைத் தூக்கினால் கை நடுங்கும். மூன்றில் ஒன்று விழுந்தால் அதிகம். இது எதிரணிகளுக்குத் தெரிந்துபோனது. ஆட்டம் இறுகும்போதெல்லாம் வேண்டுமென்றே ஏணியை இடித்தார்கள். அவர் கோட்டில் நின்று தவறவிடுவார், அவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். பாதிப் பருவம் முடிந்தபோது நாங்கள் கடைசி இடத்தில் இருந்தோம்.

வழி கிடைத்தது சலவைக்கூடத்தில். அழுக்குப் படுக்கை விரிப்புகளை மூட்டையாகக் கட்டி, தள்ளி நிற்கும் வண்டிக்குள் எறிவது ஏணியின் வேலை. இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்து, குனிந்து, முழங்காலுக்கு நடுவே ஒரு ஆட்டு ஆட்டிக் கீழிருந்து மேலே விடுவார். அதே கூடத்தில் இஸ்திரி மெஷினில் நிற்கும் மனைவி பல ஆண்டுகளாக இதைப் பார்த்து வருபவள். அன்றைக்கு முந்தின நாள் தோல்வி அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

"இவ்வளவு கனமான மூட்டை, ஒண்ணாவது வெளிய விழுதா பாருங்க. அந்தப் பந்தை மட்டும் ஏன் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க? இப்படியே போட்டுத் தொலைக்கக் கூடாதா?"

"சிரிப்பாங்கடி."

"இப்ப மட்டும் என்ன, அழுறாங்களாக்கும்?"

மறுநாள் பயிற்சியில் ஏணி யாரும் பார்க்காத மூலைக் கூடையில் கீழிருந்து போட்டுப் பார்த்தார். விழுந்தது. திரும்பவும் விழுந்தது. பயிற்சியாளர் எப்போது பின்னால் வந்து நின்றார் என்றே தெரியவில்லை.

"என்னய்யா இது, செடிக்குத் தண்ணி ஊத்துறியா?"

ஏணி அசடு வழிந்தார். ஆனால் பந்து மேலும் மேலும் விழுந்துகொண்டே இருந்தது. பயிற்சியாளர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

"சரி, ஊத்து."

அடுத்த ஆட்டத்தில் ஏணி கோட்டில் குனிந்ததும் அரங்கமே சிரித்தது. இப்படிப் போடலாமா என்று எதிரணிப் பயிற்சியாளர் நடுவரிடம் பாய்ந்தார். நடுவர்கள் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். கால் கோட்டைத் தாண்டக் கூடாது என்றுதான் விதி இருந்தது. பந்தை மேலிருந்துதான் விட வேண்டும் என்று எங்கும் இல்லை. ஏணி அன்றைக்கு ஒன்றுகூடத் தவறவிடவில்லை. வாளித் தண்ணீரை வீசுகிற மாதிரி இருந்ததால் போகிற ஊரெல்லாம் "வாளி! வாளி!" என்று கத்தினார்கள். கத்தக் கத்த எங்கள் புள்ளி ஏறியது. ஏணியை இடிப்பதையே எல்லா அணியும் நிறுத்திவிட்டது. படிப்படியாக மேலே வந்தோம். கடைசி ஆட்டம் எங்கள் ஊரில். அதில் ஜெயித்தால் லீக்கில் நீடிப்போம், தோற்றால் இறங்குவோம் என்ற நிலை.

அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் ஏணியின் மகள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதின்மூன்று வயது. அப்பாவின் உயரத்தில் பாதியும் அம்மாவின் வாயில் முழுதும் வாய்த்தவள். ஆனால் சில வாரங்களாக வீட்டில் அவள் சத்தமே இல்லை.

"அப்பா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"நாளைக்கு எங்க கிளாஸ் மொத்தமும் மேட்ச் பாக்க வருது. நாளைக்கு மட்டும் எல்லாரையும் மாதிரி மேல தூக்கிப் போடுங்கப்பா. நான் நடந்தாலே பின்னால வந்து கையை ஆட்டிக் காட்டுறாங்க. வாளி மகள்னுதான் கூப்பிடுறாங்க."

ஊர் ஊராகச் சிரித்தபோது உறைக்காதது ஏணிக்கு அப்போது உறைத்தது. "சரிம்மா" என்றார். அவள் உள்ளே போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"சின்னப் பொண்ணு கேட்டா நீங்களும் சரின்னுடறதா? ஊரே உங்களை நம்பி உக்காந்திருக்கு."

"ஊரு வேற ஆளைத் தேடிக்கும். அவளுக்கு நான் ஒருத்தன்தானே அப்பா?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது என்றால் ஏணிக்கு உயிர். அதனால் வந்த வினையை அரங்கில் இருந்த எல்லோரும் அனுபவித்தோம். முதல் பாதியில் நாங்கள் நன்றாகவே முன்னால் இருந்தோம். பிறகு தற்செயலாக ஒருவன் இடிக்க, ஏணி கோட்டுக்கு வந்தார். பந்தைத் தலைக்கு மேல் தூக்கினார். எங்கள் பெஞ்சில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது வளையத்தைத் தொடக்கூட இல்லை. எதிரணிக்கு அது போதாதா? பழையபடி அவரையே குறிவைத்து இடிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் முன்னிலை கரைந்தது.

"உனக்கு என்னய்யா ஆச்சு? கை சுளுக்கிடுச்சா?" என்று பயிற்சியாளர் கத்தினார். ஏணியை வெளியே எடுத்து உட்காரவைத்தார். ஆனால் அவருக்குப் பதிலாகப் போன கல்லூரிப் பையன் ஐந்து முறை முறைகேடாக இடித்து, விதிப்படி வெளியேற்றப்பட்டான். உயரமான ஆள் வேறு யாரும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சியாளர் ஏணியைத் திரும்ப உள்ளே அனுப்பினார்.

கடைசி நொடிகள். இரண்டு அணிக்கும் சம புள்ளி. லாரி ஓட்டுநர் எறிந்த பந்து கூடைக்கு அடியில் ஏணியின் கைக்கு வந்தது. விட்டால் நேராகக் கூடையில் வைத்துவிடுவார் என்று எதிரணியில் இரண்டு பேர் அவர் கையில் தொங்கினார்கள். விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் போதும்.

சொந்த ஊர் ஆள் கோட்டில் நின்றால் சொந்த ஊர் மூச்சுவிடாது. அரங்கம் அடங்கியது. ஏணி, மகளின் வகுப்பு உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்காமல் பந்தைத் தலைக்கு மேல் தூக்கினார். பந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதித் திரும்பி அவரிடமே உருண்டு வந்தது.

நடுவர் இரண்டாவதுக்குப் பந்தைக் கொடுத்தார். ஏணி அதையும் மேலே தூக்கினார்.

"அப்பா!"

அந்தக் குரலை ஆயிரம் பேர் நடுவிலும் அவருக்குத் தெரியும். திரும்பினார். மகள் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். வகுப்பு மொத்தமும் அவளையே பார்த்தது. அவள் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே கொண்டுபோய், அரங்கமே பார்க்க மேலே வீசிக் காட்டினாள். யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. திரும்பவும் வீசினாள்.

"வாளிப்பா! வாளி!"

ஏணி பந்தைக் கீழே இறக்கினார். குனிந்தார். ஆட்டினார். விட்டார்.

வலை மட்டும்தான் அசைந்தது. எதிரணி கடைசியாகத் தூக்கியெறிந்த பந்து எங்கோ போய் விழ, மணி அடித்தது. தச்சர் வாத்தியாரைத் தூக்கினார். பயிற்சியாளர் தரையில் உட்கார்ந்து அழுதார். அரங்கமே வாளி வாளி என்று கூரை பிய்ந்துபோகக் கத்தியது. ஏணியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வர நாலைந்து பேர் ஓடினார்கள். அவ்வளவு உயரத்தை எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

அவர் நேராக மகளிடம் போனார். அவள் இன்னும் நாற்காலியைவிட்டு இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"உன் பிரெண்ட்ஸ் எல்லாம் பாக்குறாங்களேம்மா" என்றார்.

"பாக்கட்டும். நல்லா பாக்கட்டும்" என்றாள் அவள், அழுதுகொண்டே.

அந்தப் பருவத்தில் ஏணி போட்ட பந்துகளை ஊர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறது. அவரைக் கேட்டால் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது. "எம் பொண்ணு சேர் மேல ஏறினா, தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்.