சேமக்காலையில் இராவணன் மீசை

எங்கள் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்காது. கோடையில் சோழகக் காற்று தொடங்கினால் சட்டிக்குள் மணல், பாய்க்குள் மணல், பிள்ளையின் காதுக்குள்ளும் மணல். அந்த மணலில் வீம்புக்கு முளைப்பது ஒன்றே ஒன்றுதான், இராவணன் மீசைப் புல். இலை ஊசி மாதிரி விறைத்து நிற்கும். மன்னார்க் கழுதைகூட வாய் வைக்காது. பூ முற்றினால் முள்ளுப் பந்தாகக் காய்ந்து, காம்பு ஒடிந்து, காற்றோடு கரை முழுக்க உருண்டு ஓடும். அந்தப் பந்துகளைப் பொறுக்கி வந்து அடுப்பு மூட்டுவோம். அதற்குமேல் அந்தப் புல்லுக்கு நாங்கள் ஒரு மரியாதையும் கொடுத்ததில்லை.

என் மூத்த மகள் ஒன்றரை வயதில் காய்ச்சலில் போனாள். ஊர்ச் சேமக்காலையில் சின்னப் பிள்ளைகளை அடக்கும் மூலை கடல் பக்கமாக, ஒரு மணல் திட்டியின் அடியில் இருந்தது. அங்கேதான் அவளையும் வைத்தோம். கல்லறை கட்ட எங்களுக்கு வசதியில்லை. என் கணவர் பழைய வள்ளப் பலகையில் ஒரு சின்னச் சிலுவை செய்து நட்டார். மாரி முடிவதற்குள் புல் திட்டியிலிருந்து கொடிவிட்டு, கணுவுக்குக் கணு வேர் இறக்கி, அவள்மேல் படர்ந்துவிட்டது.

இறந்தவர்களின் திருநாளுக்கு முன் சேமக்காலையில் புல்லை மண்வெட்டியால் செருக்கித் துப்புரவாக்குவது எங்கள் வழக்கம். ஒரு பச்சை தெரியாமல் வெள்ளை மணலாகக் கிடக்க வேண்டும். புல் நிற்கும் குழியைக் கண்டால், அந்த வீட்டாருக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று கதைப்பார்கள். அப்படிக் கதைப்பவர்களை நான் கணக்கில் எடுப்பதில்லை.

“கிடக்கட்டும், விடுங்கோ. முள்ளு நிண்டால் கழுதை மிதிக்காது,” என்றேன் கணவரிடம்.

“பிள்ளைக்கு மேல முள்ளு. என்னால பாக்கேலாது.”

அவர் குனிந்து புல்லை வெறுங்கையால் பிடுங்கினார். அந்த வருடம் சுவாமியார் அங்கேயே பூசை வைப்பதாக இருந்ததால், ஊரே சேர்ந்து திட்டியையும் செருக்கி எடுத்தது. உண்மையில் அழகாகத்தான் இருந்தது. எனக்கும் மனம் கொஞ்சம் ஆறியது.

மழைக்காலம் முழுக்க மணல் நனைந்து அசையாமல் கிடந்தது. சோழகம் எழும்பியதும் திட்டி நகரத் தொடங்கியது. முதலில் சிலுவைகளின் கால் மறைந்தது, பிறகு கை மறைந்தது. நாங்கள் போய் அள்ளினோம். அள்ளிய இடத்தை மறுபடியும் காற்று மூடியது. பிறகு வீட்டுக் கதவையே திறக்க முடியாதபடி காற்று அடித்தது. அது ஓய்ந்தபின் போய்ப் பார்த்தபோது அந்த மூலையே இல்லை. வழுவழுவென்று ஒரு மணல் மேடு கிடந்தது. அவர் கையால் தோண்டினார். சரிந்து கிடந்த ஒரு சிலுவை அகப்பட்டது. அது வேறு யாருடையதோ.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று வந்தது கோபம் மட்டுமல்ல.

“முள்ளுக் குத்தும் எண்டியள். இப்ப பிள்ளை எங்கை?”

அவர் மறுபடியும் மணலைத் தோண்டத் தொடங்கினார். அதன்பிறகு சோறு போட்டுக் கொடுத்தேனே தவிர, அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வெள்ளைக்காரர் தலைமன்னாருக்குப் போட்ட றெயில் பாதையில், தண்டவாளத்தை மணல் மூடாமலிருக்கக் கூலியாட்கள் இதே புல்லை நடுவதை அவர் கண்டிருந்தார். மழை தொடங்கியதும் வேறு திட்டிகளிலிருந்து கொடிகளை வெட்டிக்கொண்டு சேமக்காலைக்குப் போனார். மேல்மணலில் நட்டவை கருகிப்போயின. பிறகு ஈரமணல் வரும்வரை தோண்டி, கணுக்களைப் புதைத்து, நுனியை மட்டும் வெளியில் விட்டார். காற்று வரும் பக்கம் காய்ந்த பனங்காவோலையால் மறைப்புக் கட்டினார். வலை இழுத்து வெடித்த கை, முள்ளுக் கிழித்து இன்னும் மோசமானது.

ஒருநாள் நான் போய்ப் பின்னால் நின்றேன். பிள்ளைகளின் மூலையைத் தாண்டி, யாரையும் அடக்கம் பண்ணாத பக்கத்திலும் நட்டுக்கொண்டிருந்தார்.

“அங்கை ஆருமில்லையே. ஏன் நடுறியள்?”

“எங்கை கிடக்கிறாளெண்டு தெரியேல்லை. அதாலை எல்லா இடத்திலையும் நடுறன்.”

நான் அழுதேன். பிறகு கொடியின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன்.

அடுத்த சோழகத்தில் திட்டி நின்ற இடத்திலேயே நின்றது. திருநாள் வந்தபோது அந்த மூலையில் யாரும் மண்வெட்டி வைக்கவில்லை. மற்றவர்கள் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினார்கள். எங்களுக்கு வைக்க ஓர் இடமில்லை. கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தோம். பிறகு அவர் ஒரு புற்பற்றையைக் கையால் விலக்கி, அதற்குள் திரியை ஊன்றினார். காற்றுப் படாமல் அது எரிந்தது.

நான் முழங்காலில் நிற்கக் குனிந்தேன்.

“பாத்து, முள்ளுக் குத்தும்,” என்றார்.

“குத்தட்டும்,” என்றேன்.