ராக்கம்மாளுக்குப் பாவாடை எடுப்பவள்

ஜவுளிக்கடையில் பொன்னுத்தாய் உட்கார மாட்டாள். நின்றபடியே தன் நெஞ்சளவுக்குக் கையை வைத்துக் காட்டி, "புள்ள இம்புட்டு ஒசரம். பாவாடைத் துணி, சிவப்புல காட்டுங்க" என்பாள்.

"பேத்திக்கா?"

"எங்க பூட்டனோட தங்கச்சிக்கு."

"அவுகளுக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு. செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. நீங்க துணியக் கிழிங்க."

அருப்புக்கோட்டையில் புதிதாக வேலைக்கு வந்தவர்கள்தான் இப்படிக் கேட்டு மாட்டிக்கொள்வார்கள். பழைய ஆட்கள் வாய் திறக்காமல் சிவப்பை எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

திருச்சுழிப் பக்கத்துக் காட்டில் சீமைக்கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பொன்னுத்தாயின் பிழைப்பு. பந்தல்குடியிலிருந்து வரும் லாரி நேரம் தப்பி வந்தால், "வாங்க மாப்ள! லோடு ஏத்த வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?" என்று டிரைவரைப் பிடித்துக்கொள்வாள். துணி எடுக்கப் போகும் நாளில் மட்டும் புளியும் தேங்காய் நாரும் வைத்து உள்ளங்கை சிவக்கத் தேய்ப்பாள். நகக்கண்ணில் இருக்கும் கரி எங்கே போகும்? அதனால் துணியைத் தொடவே மாட்டாள். கடைக்காரர்தான் விரித்துக் காட்ட வேண்டும்.

ராக்கம்மாள் வயசுக்கு வருவதற்கு முன்பே கிணற்றில் விழுந்து இறந்தவள். அப்படிப் போன பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னிசாமி. அவள் கட்டியிருந்த பாவாடையையும் காலில் கிடந்த தண்டையையும் ஓலைப்பெட்டியில் வைத்து உத்திரத்தில் தொங்கவிட்டுக் கும்பிட்டார்கள். மாசி மாதம் பெட்டியை இறக்கி, அந்தப் பாவாடையை வீட்டுப் பெண்பிள்ளையின் தோளில் போட்டால் கன்னி வீட்டுக்குள்ளே வந்து இருப்பாள். பஞ்ச காலத்தில் வந்த ஒரு துரையோடு பெட்டி போய்விட்டது. வீட்டார் கொடுத்தார்களா, அவர் எடுத்தாரா என்று ஊருக்குள் இன்னும் பேச்சு உண்டு. பொன்னுத்தாயைக் கேட்டால் எடுத்தார் என்றுதான் சொல்வாள். விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அன்றிலிருந்து மாசிக்கு மாசி எடுக்கும் புதுப் பாவாடையை நிலைப்படிக்கு வெளியேதான் வைக்கிறார்கள். "உடுத்தின துணிய வெளிய விட்டுட்டு, பொம்பளப்புள்ள எந்த மொகத்தோட வீட்டுக்குள்ள வருவா?" என்பாள் பொன்னுத்தாய்.

இந்த நேரத்தில்தான் ரேணுகாதேவி வந்து சேர்ந்தாள். சீமையில் ஒரு மியூசியத்தில் கிடந்த ஓலைப்பெட்டி யார் வீட்டுடையது என்று தேடி, இந்த வறண்ட காடெல்லாம் அலைந்த மதுரைப் பெண். கிணற்றில் விழுந்த கன்னி யார் வீட்டில் என்று விசாரித்தால், போன ஊரிலெல்லாம் ஒருத்தி இருந்தாளாம். பொன்னுத்தாய் கேட்டது ஒன்றுதான்: "உள்ள ஒத்தத் தண்டை இருக்கா? இன்னொண்ணு கெணத்தோட போச்சு." ரேணுகாதேவி போனில் படத்தைக் காட்டினாள். கண்ணாடிக்குள் ஒற்றைத் தண்டையும் விரித்துப் போட்ட பாவாடையும் இருந்தன.

"விரிச்சா வச்சிருந்தாக? ஊரு உலகமெல்லாம் பாக்க?" பொன்னுத்தாய் போனைக் கவிழ்த்துவிட்டாள்.

அலைச்சலுக்குப் பிறகு மியூசியத்திலிருந்து பெட்டி திரும்பி வந்தது. ரேணுகாதேவி அதை வாசலில் வைத்து, "நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கையுறை எடுக்கக் காருக்குப் போனாள். தொடாதே என்றால் தீட்டோடு தொடாதே என்றுதானே பொருள்! பொன்னுத்தாய் தலைக்குக் குளித்து ஈரச் சேலையோடு நின்றவள். பெட்டியைத் திறந்து, பாவாடையைச் சுற்றியிருந்த கவரைப் பிரித்தாள். பாவாடை மடிப்பெல்லாம் வெள்ளைப் பொடி.

"திருநீறு குடுத்துருக்காடி எங்க ஆத்தா!"

கூடியிருந்த பெண்களிடமிருந்து குலவை எழுந்தது. தம்பி ஜெயபாண்டியின் மகள் சத்யபிரியாவை இழுத்து நிறுத்தி நெற்றி நிறையப் பூசினாள். இன்னொரு சிட்டிகை எடுத்து, "வாயத் தொற தாயி" என்றாள். பிள்ளையும் திறந்தது.

ஓடிவந்த ரேணுகாதேவி அந்தக் கையை ஓங்கி அடித்தாள். சாமி கும்பிடும் இடத்தில், சாமிப் பொடி வைத்திருந்த கையை! ஜெயபாண்டி, "ஏய்!" என்று பாய்ந்தான்.

"அது விஷம்ணே! அந்தக் காலத்துல மியூசியத்துல பூச்சி அரிக்காம இருக்கத் தூவினது. பாஷாணம்!"

குலவை பாதியில் அறுந்தது. ஒருத்தி குடத்தோடு பிள்ளையின் நெற்றியில் தண்ணீர் ஊற்றினாள், இன்னொருத்தி வாயைக் கொப்பளிக்க வைத்தாள். பொன்னுத்தாய் தன் கையைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு அதையும் பிடித்து இழுத்து யாரோ கழுவிவிட்டார்கள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வாயில் படவில்லை, பயமில்லை என்று டாக்டர் சொல்லி, பொழுது சாயத் திரும்பினார்கள்.

ரேணுகாதேவி பாவாடையைப் புதுக் கவரில் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"ஒரு தண்ணியில அலசிற முடியாதா தாயி?" என்றாள் பொன்னுத்தாய்.

"நூல் நூலாப் போயிரும்த்தை. ஒட்டின கவரோட, பூட்டின பெட்டியில வேணா வச்சுக்கலாம். ஆனா பிள்ளைங்க கிட்ட வரக்கூடாது."

"புள்ளைக கிட்ட வரக்கூடாதா? அவளே புள்ளதானே?"



பொன்னுத்தாய் சத்யபிரியாவை வீட்டுக்குள் விட்டாள். கதவை இழுத்துச் சாத்தினாள். வெளிப்படியில் உட்கார்ந்து கவரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல அந்தக் கவரின் மேலே மெல்லத் துடைக்கத் தொடங்கினாள்.