ராகுலனைத் தெரியாது

ஆமிக்குப் பயந்து ரொறன்ரோவுக்கு ஓடிவந்த ஒருவன் ரொறன்ரோவிலே போய் ஆமியில் சேர்ந்தால் சனம் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடிகளில் லிஃப்ற்றுக்குக் காத்து நின்றவர்களுக்கும், லோண்ட்றியில் உடுப்புக் காயும்வரை குந்தியிருந்தவர்களுக்கும் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு முழுக்க ராகுலன்தான் கதை. "உவனுக்கு விசர்" என்றார்கள் சிலர். "படிச்ச விசர்" என்று திருத்தினார்கள் மற்றவர்கள்.

படித்தவன்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் எடுத்தவன். அந்தப் பட்டம் இங்கே அவனுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுகிற வேலை. பிரஜாவுரிமை இன்னும் கிடைக்கவில்லை, நிரந்தரமாய் இருக்கலாம் என்கிற லாண்டட் பேப்பர் மட்டும்தான். அப்படிப்பட்டவர்களைப் படையில் லேசில் எடுக்கமாட்டார்கள். ஆனால் பகுதிநேரப் படையணி ஒன்றில் ஆள் போதாமல் இருந்த நேரம் இவன் விடாக்கண்டனாகத் திரும்பத் திரும்பப் போய் நின்றான். கடைசியில் சாதாரண சிப்பாயாகச் சேர்த்துக்கொண்டார்கள். கிழமையில் ஒரு பின்னேரமும் சில சனி ஞாயிறும் பயிற்சி. மிச்ச நேரமெல்லாம் கோப்பைதான்.

ஆனால் அவன் ஆசைப்பட்டது ஒஃபிஸர் ஆவதற்கு. ஏன் இந்தப் பேயாசை என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான். அருள்மலர் மாமிக்கு மட்டும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"மாமி, அங்கை எங்களைச் சுவரோடை நிக்கவைச்சது சிப்பாய்மார். நிக்கவை எண்டு சொன்னவன் ஒரு ஒஃபிஸர். அப்பிடிச் சொல்லாத ஒஃபிஸராய் நான் ஒருக்கா இருந்து பாக்கவேணும்."

மாமிக்கு என்ன விளங்கியதோ, இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டார்.

மாமியும் சிவபாதம் மாமாவும் அவனுக்குச் சொந்தமில்லை. வடமராட்சியில் ஒரே ஒழுங்கைக்காரர். மாமா அங்கே கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். அவர்களுடைய மகன் குகதாசன் ராகுலனோடு ஒரே வகுப்பில் படித்தவன். எண்பத்தேழில் ஊரைச் சுற்றிவளைத்த ராணுவம் குகதாசனைப் பிடித்துக்கொண்டு போனது. அவன் திரும்பி வரவில்லை. ராகுலன் அன்றைக்குக் கம்பஸ் விடுதியில் இருந்தபடியால் தப்பினான். இப்போது அவர்கள் இருக்கிற கட்டடத்திலேயே மூன்று மாடி மேலே இருந்துகொண்டு பாதிச் சாப்பாடு மாமி வீட்டில்தான் சாப்பிடுவான். குகதாசனைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

தொண்ணூற்றாறில் அவனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அவனுடைய கப்டன் நல்ல மனுசன். "இனி என்ன தடை?" என்று சொல்லி ஒஃபிஸர் தெரிவுக்கு அவனுடைய பெயரைத் தானே அனுப்பிவைத்தார். பரீட்சை, ஓட்டம், வைத்தியச் சோதனை, நேர்முகம் எல்லாவற்றிலும் ராகுலன் பிய்த்து உதறினான். சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்களில் அவன் கோப்பை கழுவும்போதுகூட நிமிர்ந்து நின்றுதான் கழுவினான்.

பாதுகாப்பு விசாரணை மட்டும் மிச்சம். கனடாவுக்கு வர முன்னர் அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல, சொந்தமில்லாத, நேரில் விசாரிக்கக்கூடிய ஓர் ஆள் வேண்டும். ஊர்க்காரர் ஜெர்மனியிலும் லண்டனிலும் சிதறிக் கிடந்தார்கள். கனடாவில் இருந்தது சிவபாதம் மாமா ஒருவர்தான். ராகுலன் அவருடைய பெயரைக் கொடுத்தான். அதை அவரிடம் சொல்லிவைக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்பார், இதில் சொல்லிவைக்க என்ன இருக்கிறது?

ஒரு மத்தியானம் அவன் உள்ளே வந்ததும் மாமா ஓடிப்போய்க் கதவைப் பூட்டினார். முகத்தில் பதற்றம், அதற்குள் ஒரு பெருமையும்.

"தம்பி, உன்னைத் தேடி ஒருத்தன் வந்தவன். கோட்டுப் போட்டவன், ஏதோ அட்டை எல்லாம் காட்டினவன். ராகுலனைத் தெரியுமோ, ஊரிலை என்ன செய்தவன், ஆரோடை திரிஞ்சவன் எண்டு கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னியள் மாமா?"

"தெரியாது எண்டு சொன்னனான். அப்பிடி ஒரு ஆளையே நான் காணேல்லை எண்டுபோட்டன். நீ பயப்பிடாதை. நான் உன்னைக் காட்டிக் குடுக்கமாட்டன்."

ராகுலன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே கதிரையில் இருந்துவிட்டான்.

கப்டன் அடுத்த கிழமை அவனைக் கூப்பிட்டார். நீ பெயர் கொடுத்த மனுசன் உன்னைக் கண்டதே இல்லை என்கிறார், ஒன்றில் அவர் பொய் சொல்கிறார், இல்லாவிட்டால் நீ பொய் சொல்கிறாய் என்றார். ராகுலன் தலைகீழாக நின்று விளங்கப்படுத்தினான். கப்டன் யார் யாருடனோ கதைத்து, விசாரணைக்காரன் இன்னும் ஒருதரம் மாமாவிடம் வருவான், அதுதான் கடைசி என்று முடிவு வாங்கித் தந்தார்.

ராகுலன் மாமாவின் காலில் விழாத குறை.

"மாமா, இது அந்த ஆமி இல்லை. தெரியும் எண்டு ஒரு சொல்லு. அவ்வளவுதான். என்ரை சீவியமே அதிலைதான் கிடக்கு."

"எனக்கு விளங்குது தம்பி. சொல்லுறன்."

உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தார். அந்தக் கிழமை முழுக்கக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "யெஸ், ஐ நோ ஹிம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். மாமிக்கே அது பாடமாகிவிட்டது.

விசாரணைக்காரன் வந்த நேரம் ராகுலன் கீழே லோண்ட்றியில் காத்திருந்தான். கன நேரம் ஆகவில்லை, அந்த மனுசன் இறங்கி வந்து அவனைப் பார்க்காமலே வெளியே போய்விட்டான். ராகுலன் படிகளில் ஓடி ஏறினான். மாமா சோபாவில் இருந்தார். மாமி குசினிக்குள் அழுதுகொண்டிருந்தார்.

"வாய் வரேல்லை தம்பி," என்றார் மாமா. "அவன் உன்ரை படத்தை எடுத்து நீட்டி, இவனைத் தெரியுமோ எண்டு கேட்டான். அண்டைக்கும் அப்பிடித்தான். குகனை இழுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னாலை நிப்பாட்டி, இவனைத் தெரியுமோ எண்டு கேட்டவங்கள். நான் முந்திக்கொண்டு, ஓம், என்ரை மோன் எண்டனான். மோன் எண்டால் விடுவாங்கள் எண்டு நினைச்சன். பக்கத்திலை நிண்ட பெடியனை அவன்ரை தகப்பன் தெரியாது எண்டு சொன்னவர். அவனை விட்டிட்டாங்கள்."

ராகுலனுக்குக் கோபம் வந்தது. யாரைக் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை. இந்தக் கிழவனையா? கடைசியில் கிட்டப் போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான்.

"கோவமோ தம்பி?"

"இல்லை மாமா."

மூன்றாம் தரம் என்று ஒன்று இல்லை. கப்டன் வேறு இடத்துக்கு மாறிப்போனார், புதிதாக வந்தவருக்கு ராகுலன் ஆரென்றே தெரியாது. இன்னும் கொஞ்சக் காலம் சிப்பாயாகவே போய் வந்தான், தன்னைவிட இளம் பெடியன்கள் ஒஃபிஸராகி வந்து நிற்க அவர்களுக்குச் சலூட் அடித்தான். பிறகு ஒப்பந்தம் முடிந்த அன்று சப்பாத்து, தொப்பி, உடுப்பு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்ரீற்காரில் வீட்டுக்கு வந்தான்.

கீழே லிஃப்ற்றடியில் மாமா மரக்கறிப் பையோடு நின்றார். பக்கத்தில் மிசிசாகாவிலிருந்து புதிதாக மாறி வந்த ஒரு தமிழர்.

"தம்பி ஆர், உங்கடை சொந்தமோ?" என்று கேட்டார் அவர்.

மாமா ராகுலனை மேலும் கீழும் பார்த்தார். சாதாரண ஜீன்ஸ், சாதாரண ஜக்கெற். அவருடைய முகம் விரிந்தது.

"இவனோ? என்ரை மோனோடை படிச்சவன். பிறந்த நாளிலையிருந்து எனக்குத் தெரியும். இவனைப்போலை ஒரு பிள்ளையை நீங்கள் தேடியும் பிடிக்கேலாது."

லிஃப்ற் வந்தது. ராகுலன் மாமாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே ஏறினான்.