அத்தை தோற்ற தேர்தல்

முத்தையாபுரத்துக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டியிருந்த எங்கள் குடியிருப்புக்கு அப்போது என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூடுதல். துறைமுகத்துக்கும் கம்பெனிகளுக்கும் வேலைக்கு வந்தவர்கள் கட்டிய வீடுகள். ஆனால் நாங்கள் இருந்தது தொலைவிலிருந்த ஒரு பழைய ஊரின் ஊராட்சியில். எதைக் கேட்கவும் பஸ் பிடித்து அங்கேதான் போக வேண்டும். போனால், "நேத்து வந்தவுகளுக்கு என்ன அவசரம்?" என்பார் தலைவர்.

உப்பளத்தில் வேலை பார்த்த என் அத்தைக்கு அந்த வார்த்தை பொறுக்கவில்லை. திங்கட்கிழமைகளில் கூலியை விட்டுவிட்டு, தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள். எங்களுக்குத் தனி ஊராட்சி வேண்டும் என்ற ஒரே மனு. கலெக்டர்கள் மாறினார்கள், அத்தை மாறவில்லை. ஒருவழியாக உத்தரவு வந்தபோது, தெருவே அவளைத் தலைவர் தேர்தலில் நிற்கச் சொன்னது.

எதிர்த்து நின்றவர் மளிகைக்கடை அண்ணாச்சி. அத்தைக்குப் பூட்டுச் சின்னம், அவருக்குக் கத்தரிக்காய். தேர்தல் முடியும்வரை வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு கூடாது என்று நான் அடம்பிடித்தேன். அம்மாவும் மறுபேச்சில்லாமல் முருங்கைக்காய்க்கு மாறினாள்.

அண்ணாச்சி ஜெயித்துவிட்டார். வேட்டுச் சத்தம் கேட்டு நான் பாயில் குப்புற விழுந்து அழுதேன். அத்தையோ தலையை வாரி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து என்னை எழுப்பினாள்.

"ஏளா, எந்திரி. அண்ணாச்சி வீட்டுக்குப் போவோம்."

"நான் வரல. அவரு ஒங்களத் தோக்கடிச்சிட்டாருல்லா."

"தோத்தா என்ன? நம்ம ஊருத் தலைவருல்லா அவரு. நாம போவாம வேற யாரு போவா?"

மாலையும் கழுத்துமாக நின்ற அண்ணாச்சி, அவளைக் கண்டதும் சங்கடப்பட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அத்தை உட்காரவில்லை.

"அண்ணாச்சி, கீழத்தெருவுக்குத் தண்ணிக் குழாய் எப்பப் போடுவிய?"

அண்ணாச்சி மாலையைக் கழற்றி வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். "வாங்கம்மா, இடத்தப் பாத்துருவோம்" என்றார்.

அங்கே கூடியிருந்த எல்லோரும் பின்னால் வர, அவரும் அத்தையும் முன்னால் நடந்தார்கள். அவள் முகத்தில் அப்படியொரு நிறைவை நான் அதற்குமுன் கண்டதில்லை. தோற்றவளுக்கு என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் வாசலிலிருந்து இறங்கி வர வேண்டும் என்பதைத்தான் அவள் இத்தனை திங்கட்கிழமைகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.