ஸ்பேர் மூன்று

614. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கல்லை மாவாக அரைத்துக் கண்ணாடி ஆலைகளுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில், அரைவைக் கூடத்தில் நின்று அந்த மாவையே மூச்சாக இழுத்தவர்களின் கணக்கு அது.

அவர்கள் விவரமெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் அட்டவணையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவரை ஆலை முழுக்க ‘டேட்டா அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் இல்லாத அறை. மின்விசிறி இறக்கையில் வெள்ளைத் தூசி. கீபோர்டை மூட ஒரு பழைய துண்டு. அந்த 614 பேரில் ஒருவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி.

அட்டவணையில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தலையில் ஒரு பெயர் இருக்கும். வருகைப் பதிவு, ஷிப்ட் பட்டியல் என்று எந்த புரோகிராமானாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் உள்ளே இருப்பதை எடுக்கும். அதனால் பெயரை மாற்றவோ புதிதாகச் சேர்க்கவோ தலைமை அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். அது வருவதற்குள் கேட்டவன் தலை நரைத்துவிடும். முதலில் அட்டவணை போட்டவர் இதெல்லாம் தெரிந்த ஆள். நாலு நெடுவரிசையைக் காலியாக விட்டு, ஸ்பேர் ஒன்று, ஸ்பேர் இரண்டு என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார். புதிதாக எது வந்தாலும் அதில்தான் திணிப்பார்கள். கம்பெனி வழக்கமே அதுதான்.

தம்பி வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, தொழிலாளிகளுக்கு ஆண்டுதோறும் நெஞ்சைப் படம் பிடிக்க ஆரம்பித்தபோது, முடிவை எழுத ஒழுங்கான பெயரில் ஓர் இடம் கேட்டார் அக்கா. மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஸ்பேர் மூணு சும்மாதானே கெடக்கு? அதுல போடும்மா. பேரு என்ன சோறா போடுது?”

அடுத்த ஆண்டும் கேட்டார், தலைமை அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டார். அதற்கடுத்த ஆண்டு அவருக்கு வாய் ஓய்ந்துவிட்டது. டைப் செய்து முடித்ததும் டாக்டர் கொடுத்த தாள்களும் படங்களும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே.

பிறகு தம்பியால் மாடிப்படி ஏற முடியவில்லை. ஆலைத் தூசியால் வந்த நோய் என்று மருத்துவக் குழு எழுதிக் கொடுத்தால் அவனைக் கூடத்திலிருந்து மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் அதே தூசிதான். குழு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது: வேலைக்குச் சேர்ந்தபோது நெஞ்சு சுத்தமாக இருந்ததா? இருந்தது. வருஷவாரியாக வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன் என்றார் அக்கா. சுத்தமான நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டதைத் தன் கையாலேயே டைப் செய்தவர் அவர்.

அவர் விடுப்பில் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த மாதத்தில், ஆலையில் புது கம்ப்யூட்டர் வந்தது. மாற்ற வந்த கான்ட்ராக்ட்காரன், ஸ்பேர் என்று இருப்பதையெல்லாம் எடுத்துவிடலாமா என்று கேட்டான். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். வாராவாரம் எடுக்கும் நகல், பழைய நகலின் மேலேயே பதியும். அக்கா திரும்பி வந்தபோது நகலிலும் ஒன்றுமில்லை.

மேனேஜர் குரலை உயர்த்தவேயில்லை. “வேண்டாததுன்னு நீங்கதானேம்மா பேரு வச்சிருந்தீங்க?”

இதை விபத்து என்று சொல்ல வருபவனிடம் ஒன்று கேளுங்கள். உற்பத்தி டன் கணக்கைக் கம்பெனிக்காரன் ஸ்பேரிலா போட்டு வைத்திருந்தான்? அதற்கு முதல் நாளே முழுப்பெயர் இருந்தது.

தம்பி கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தான்.

“என் நெஞ்ச என்ன பேர்லக்கா போட்டு வச்ச?”

அவர் சொன்னார். அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரமாயிற்று.

“உபரியா? சரியாத்தான் வச்சிருக்கானுங்க. நீ அழாத.”

ஆதாரம் இல்லை, சிகரெட்டால் வந்திருக்கலாம் என்று எழுதிவிட்டது குழு. திங்கட்கிழமை அவன் அரைவைக் கூடத்துக்குப் போனான்.

அவன் படம் மாலையோடு சுவருக்குப் போன பிறகு, தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் வந்தது. ‘நுரையீரல்_பரிசோதனை_முடிவு’. அக்கா கேட்டிருந்த அதே பெயர், ஓர் எழுத்து பிசகாமல். அட்டவணையைத் திறந்து, பழைய முடிவு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டார். திரையில் பதில் வந்தது.

0.